தெங்போச்சே வரை மட்டும் போனால் போதுமா?

கேள்வி இதுதான். எவரெஸ்ட் பேஸ் கேம்ப் வரை நடக்க இரண்டு வார விடுப்பு கிடைக்காது. ஐயாயிரம் மீட்டருக்கு மேல் உடம்பு தாங்குமா என்ற பயமும் இருக்கிறது. அதனால் வழியில் இருக்கும் தெங்போச்சே பௌத்த மடாலயம் வரை மட்டும் போய்த் திரும்பலாமா? பாதியில் விட்டு வந்த மாதிரி இருக்குமா? அறுபதைத் தாண்டிய அம்மாவும் வர ஆசைப்படுகிறார், கூட்டிப் போகலாமா?

போகலாம். பாதியில் விட்டது மாதிரி இருக்காது. நேபாளத்தின் கும்பு பகுதிக்கு முதல் தடவை போகிறவர்களில் பெரும்பாலானோருக்கு நான் சொல்லும் பயணமே இதுதான். பேஸ் கேம்ப் என்பது பனியாற்றின் மேல் கல்லும் பனியுமாகக் கிடக்கும் ஓரிடம். அங்கே நின்றால் எவரெஸ்ட் உச்சி கண்ணுக்குத் தெரியாது, முன்னால் நிற்கும் மலைத்தோள் மறைத்துவிடும். தெங்போச்சேயில் மடாலயத்து முன்வெளியில் நின்றால் நுப்ட்சே, லோட்சே சிகரங்களின் சுவருக்குப் பின்னால் எவரெஸ்டின் தலை தெரியும். வலப்பக்கம் 6,812 மீட்டர் அமா தப்லாம் முழுதாக நிற்கும். ஆனால் காட்சிக்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை.

பேஸ் கேம்ப் போகிறவர்கள் தெங்போச்சேக்கு மத்தியானம் மூச்சு வாங்க வந்து சேர்கிறார்கள், மடாலயத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் படம் எடுக்கிறார்கள், விடிந்ததும் கிளம்பிவிடுகிறார்கள். அவர்களுக்கு அது ஒரு நிறுத்தம். உங்களுக்கு அதுவே போய்ச் சேரும் இடம் என்பதால் இரண்டு இரவு தங்கலாம். மாலைப் பூஜையிலும் காலைப் பூஜையிலும் ஓரமாக உட்காரலாம். அவசரமில்லாமல் பக்கத்து ஊர்களுக்கு நடந்து வரலாம். இந்த இரண்டு இரவை யாருக்காகவும் ஒன்றாகக் குறைக்காதீர்கள். என் பதிலின் சாரமே அதுதான். மற்றதெல்லாம் அதற்கான ஏற்பாடு.

முதலில் அந்த இடம் எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டு போங்கள். ஷெர்பா மக்கள் சுமார் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் திபெத்தின் கிழக்கிலிருந்து மலை கடந்து வந்து இங்கே குடியேறியவர்கள். கும்புவை குரு ரின்போச்சே, அதாவது பத்மசம்பவர், துன்பக் காலத்துக்காக ஒளித்து வைத்த புனிதப் பள்ளத்தாக்குகளில் ஒன்று என்று நம்புகிறார்கள். அந்த மண்ணில் உயிர்க்கொலை கூடாது என்ற வழக்கம் இன்றும் இருக்கிறது. வழியில் வரும் நாம்சே ஊருக்கு மேலே நிமிர்ந்து நிற்கும் 5,761 மீட்டர் கும்பிலா அவர்களுடைய காவல் தெய்வத்தின் மலை. அதில் யாரும் ஏறுவதில்லை. சுற்றிலும் அதைவிட உயரமான சிகரங்களில் எல்லாம் கயிறு கட்டி ஏறுகிறார்கள், இந்த ஒன்றை மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள்.

பழைய காலத்தில் கும்புவில் ஊர்க் கோயில்கள்தான் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்ட லாமாக்கள் குடும்பஸ்தர்கள். பாங்போச்சே கோயில் அப்படிப்பட்டது, இந்தப் பகுதியிலேயே பழமையானது. அதை நிறுவியவர் லாமா சங்வா தோர்ஜே. தெங்போச்சே இருக்கும் மலை முதுகிலும் அவர் தியானம் செய்தார், அங்கே ஒரு பாறையில் அவர் காலடி பதிந்தது என்பது ஷெர்பா மக்கள் சொல்லும் கதை. ஆனால் துறவிகள் மணம் செய்துகொள்ளாமல் சேர்ந்து வாழும் மடாலயம் என்று கும்புவில் முதலில் எழுந்தது தெங்போச்சேதான். 1916-ல் லாமா குலு அதை ஆரம்பித்தார். எவரெஸ்டின் வடக்கே திபெத்தில் இருக்கும் ரோங்புக் மடாலயத்தின் தலைமை லாமா நவாங் தென்சின் நொர்பு அதற்கு ஆசியும் வழிகாட்டுதலும் தந்தார். வசதியான ஷெர்பா குடும்பங்கள் பணம் கொடுத்தன, ஊர் ஜனங்கள் உழைப்பைக் கொடுத்தார்கள். திபெத்திய பௌத்தத்தின் பிரிவுகளில் மிகப் பழையதான நியிங்மாவைச் சேர்ந்தது இது.

1934 ஜனவரி 15 அன்று பீகாரையும் நேபாளத்தையும் குலுக்கிய பெரும் நிலநடுக்கத்தில் மடாலயம் இடிந்தது. லாமா குலுவும் அதன் பின் சீக்கிரமே காலமானார். மறுபடி கட்டினார்கள். அவருடைய மறுபிறவி என்று அடையாளம் காணப்பட்டவர் 1935-ல் நாம்சேயில் பிறந்த நவாங் தென்சின் சாங்போ. 2020 அக்டோபரில் மறையும்வரை பல பத்தாண்டுகள் தெங்போச்சேயை அவர்தான் வழிநடத்தினார். அவர் காலத்தில்தான் இரண்டாவது அடி விழுந்தது. மின்சாரம் வந்து அதிக நாள் ஆகவில்லை. 1989 ஜனவரி 19 அன்று மின்கசிவில் தீப்பிடித்துக் கட்டடம் முழுக்க எரிந்துபோனது. சுவர் ஓவியங்கள், மரச் செதுக்கல்கள், பழைய ஏடுகள் எல்லாம் சாம்பல். ஷெர்பா மக்களும் எட்மண்ட் ஹிலாரியும் உலகெங்கும் இருந்த நண்பர்களும் சேர்ந்து நிதி திரட்டினார்கள். 1993-ல் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. 2015 நிலநடுக்கத்திலும் சேதம் உண்டாகி, செப்பனிட்டார்கள்.

ஆக, நீங்கள் பார்க்கப்போகும் கட்டடத்துக்கு வயது சில பத்தாண்டுகள்தான். "ரொம்பப் பழசு இல்லையாமே" என்று சிலர் ஏமாற்றத்தோடு சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அந்த வருத்தம் புரிவதில்லை. இவ்வளவு உயரத்துக்கு ஒவ்வொரு கல்லையும் மரத்தையும் மனிதர்களும் மாடுகளும் சுமந்து வந்து, இடிந்தபோது ஒரு தடவை, எரிந்தபோது இன்னொரு தடவை என்று திரும்பக் கட்டியிருக்கிறார்கள். நான் அந்த இடத்தை மதிப்பதே அதற்காகத்தான்.

மலையேற்ற வரலாற்றிலும் இதற்கு இடம் உண்டு. 1953-ல் எவரெஸ்டை முதலில் எட்டிய ஜான் ஹண்ட் தலைமையிலான குழு, மார்ச் கடைசியில் இந்த மடாலயத்துப் பக்கத்தில்தான் முகாம் போட்டு உயரத்துக்கு உடம்பைப் பழக்கிக்கொண்டது. டென்சிங் நோர்கேயைச் சிறுவயதில் துறவியாக இங்கேதான் அனுப்பினார்களாம். அவர் அது தனக்கு ஒத்துவராது என்று வீடு திரும்பிவிட்டார்.

சரி, வழிக்கு வருவோம். விமானம் இறங்கும் லுக்லாவிலிருந்து தெங்போச்சே வரை முப்பது கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். தூரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், ஏற்றமும் உயரமும்தான் இங்கே கணக்கு. லுக்லா சுமார் 2,850 மீட்டர். முதல் நாள் உண்மையில் இறக்கம்தான், தூத்கோசி ஆற்றோடு பாக்திங் (2,610 மீட்டர்) வரை மூன்று நான்கு மணி நேரம். முடிந்தால் அங்கே நிற்காமல் இன்னும் கொஞ்சம் நடந்து மோஞ்சோவில் (2,835) தூங்குங்கள். காரணம் மறுநாள் தெரியும். மோஞ்சோவில் சாகர்மாதா தேசியப் பூங்காவின் வாசல் இருக்கிறது. 1976-ல் அமைத்த பூங்கா, 1979 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. அங்கிருந்து ஜோர்சாலே, அப்புறம் போட்டேகோசியும் தூத்கோசியும் கூடும் இடத்துக்கு மேலே தொங்கும் உயரமான பாலம். அதைத் தாண்டியதும் நாம்சே வரை ஒரே ஏற்றம், கிட்டத்தட்ட அறுநூறு மீட்டர். இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். யாரையும் முந்தப் பார்க்காதீர்கள். பேச்சு தடைப்படாத வேகம்தான் சரியான வேகம். பேசும்போது மூச்சு வாங்கினால் நீங்கள் வேகமாக நடக்கிறீர்கள் என்று அர்த்தம்.

நாம்சே பஜார் 3,440 மீட்டர். 3,000 மீட்டருக்கு மேல் போனபின் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 300 முதல் 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது பொதுவான மருத்துவ அறிவுரை. பாக்திங்கிலிருந்து நாம்சே 830 மீட்டர், மோஞ்சோவிலிருந்து 600. இரண்டுமே கணக்கை மீறுகின்றன. அதனால்தான் நாம்சேயில் இரண்டு இரவு கட்டாயம். அந்த நடு நாளில் படுத்துக் கிடக்காமல் மேலே ஏறி இறங்க வேண்டும். ஸ்யாங்போச்சே ஓடுதளத்தைத் தாண்டி எவரெஸ்ட் வியூ ஹோட்டல் வரை போங்கள். அது சுமார் 3,880 மீட்டர், அதாவது தெங்போச்சேயின் உயரமான 3,867-க்குக் கிட்டத்தட்ட சமம். அங்கே உட்கார்ந்து ஒரு தேநீர் குடித்துவிட்டு கும்ஜுங் வழியாக இறங்கலாம். அந்த உயரத்தில் அன்று உடம்பு என்ன சொல்கிறதோ அதுதான் மறுநாளுக்கான முன்னறிவிப்பு. தலை வலித்து, சாப்பாடு இறங்காமல், வயிற்றைப் புரட்டினால் நாம்சேயில் இன்னொரு நாள் தங்குங்கள். உங்கள் பயணம் குறுகியது என்பதால் அந்த ஒரு நாளை விட்டுக்கொடுக்க முடியும். பேஸ் கேம்ப் போகிறவர்களுக்கு அந்த வசதி குறைவு.

கும்ஜுங்கில் 1961-ல் ஹிலாரி கட்டிய பள்ளிக்கூடம் இருக்கிறது, பக்கத்து குந்தேயில் 1966-ல் தொடங்கிய மருத்துவமனை. கும்ஜுங் கோயிலில் எட்டி என்னும் பனிமனிதனின் மண்டைத்தோல் என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். 1960-ல் ஹிலாரி அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோய்ப் பரிசோதித்தபோது ஒருவகை மலையாட்டின் தோல் என்று சொன்னார்கள். ஊர்க்காரர்கள் அதை இன்றும் மரியாதையாகத்தான் பெட்டிக்குள் வைத்துக் காட்டுகிறார்கள், நாமும் மரியாதையாகத்தான் பார்க்க வேண்டும்.

நாம்சேயிலிருந்து தெங்போச்சே போகும் நாள்தான் இந்தப் பயணத்தின் அழகான நாள். காலையில் சீக்கிரம் கிளம்புங்கள். முதல் இரண்டு மணி நேரம் மலைச்சரிவைச் சுற்றிக்கொண்டே போகும் சமமான பாதை. கீழே ஆழத்தில் ஆறு, எதிரே தாம்செர்கு, நேர் முன்னால் அமா தப்லாம். வழியில் டென்சிங்கின் நினைவாக எழுப்பிய ஸ்தூபி வரும். இடப்பக்கமாகச் சுற்றிக் கடந்து போங்கள், ஸ்தூபியும் மணிச்சுவரும் எப்போதும் உங்கள் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். 'ஓம் மணி பத்மே ஹூம்' செதுக்கிய அந்தக் கற்கள் மேல் உட்காருவதோ பையை வைப்பதோ கூடாது. பாதை இரண்டாகப் பிரிந்து குறுகலாகத் தெரிந்தாலும் இடப்பக்கத்தையே பிடியுங்கள், பின்னால் வரும் ஷெர்பா பாட்டியும் அப்படித்தான் வருவார்.

கியாங்ஜுமா தாண்டியதும் பாதை காட்டுக்குள் இறங்க ஆரம்பிக்கும். ஏறிச் சேர்த்த உயரமெல்லாம் கையை விட்டுப் போகிறதே என்று வருத்தமாக இருக்கும். அடியில் ஆற்றங்கரையில் புங்கி தெங்கா, 3,250 மீட்டர். தண்ணீரின் வேகத்தில் தானாகச் சுழலும் பிரார்த்தனைச் சக்கரங்கள் அங்கே இருக்கின்றன. மதியச் சாப்பாட்டை இங்கே முடித்துக்கொள்ளுங்கள், வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள். அடுத்து வருவது அறுநூறு மீட்டருக்கு மேல் விடாத ஏற்றம்.

இந்த ஏற்றத்தைப் பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். மெதுவாகப் போனால் அது நல்ல ஏற்றம். பைன், ஃபிர், பிர்ச் மரங்களும் ரோடோடென்ட்ரான் புதர்களும் நிறைந்த காடு. ஏப்ரலில் போனால் பாதை நெடுகச் சிவப்பும் இளஞ்சிவப்புமாகப் பூத்திருக்கும். கஸ்தூரி மான், தார் என்னும் மலையாடு, நேபாளத்தின் தேசியப் பறவையான தாஃபே எல்லாம் இங்கே கண்ணில் படும். வேட்டை பயம் இல்லாததால் அவை ஓடி ஒளிவதில்லை. நாற்பது நிமிடம் நடந்து ஐந்து நிமிடம் நில்லுங்கள். உட்காராமல் நின்றபடியே ஓய்வெடுப்பது நல்லது, உட்கார்ந்து எழுந்தால் கால் கனக்கும். எதிரே யாக் எருதுகளும், யாக்கும் மாடும் கலந்த இனமான ஜோப்கியோவும் மூட்டை சுமந்து வரிசையாக வரும். மணிச் சத்தம் கேட்டதும் மலைச்சுவர்ப் பக்கமாக ஒதுங்குங்கள். பள்ளத்துப் பக்கம் ஒருபோதும் ஒதுங்காதீர்கள். மூட்டை இடித்துத் தள்ளி விழுந்தவர்கள் உண்டு, இந்தப் பாதையில் நடக்கும் விபத்துகளில் எளிதாகத் தவிர்க்கக்கூடியது இதுதான். தொங்குபாலத்திலும் மாடுகள் முழுக்கக் கடந்தபின் கால் வையுங்கள்.

மேலே ஒரு நுழைவு மண்டபத்துக்குள் புகுந்து வெளியே வந்தால் திடீரென்று பரந்த புல்வெளி, மடாலயம், அதற்குப் பின்னால் சிகரங்கள். பிற்பகலில் வந்து சேர்வதால் பெரும்பாலும் மேகம் மூடியிருக்கும். கவலைப்படாதீர்கள், இரண்டு இரவு இருக்கிறதே. சூரியன் சாயும் நேரத்திலும் விடிகாலையிலும் மேகம் விலகுவது இங்கே வழக்கம்.

தெங்போச்சேயில் லாட்ஜுகள் கொஞ்சம்தான். காற்றும் அதிகம், அக்டோபரிலேயே இரவில் தண்ணீர் உறையும். இடம் கிடைக்காவிட்டால் வடக்குப் பக்கம் காட்டுக்குள் அரை மணி நேரத்துக்குள் இறங்கினால் தெபோச்சே. கொஞ்சம் தாழ்வு, மரங்கள் காற்றைத் தடுப்பதால் குளிர் குறைவு. பெண் துறவிகளின் மடம் ஒன்றும் அங்கே இருக்கிறது. ஆனால் விடிகாலைப் பூஜைக்கு இருட்டில் ஏறி வர வேண்டும் என்பதால், முடிந்தவரை மேலேயே அறை சொல்லி வையுங்கள்.

பூஜை காலையிலும் பிற்பகலிலும் நடக்கும். நேரம் பருவத்துக்கும் விசேஷத்துக்கும் ஏற்ப மாறும் என்பதால் வந்த உடனே மடாலயத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். செருப்பு, ஷூ வெளியே. தொப்பியைக் கழற்றிவிடுங்கள். கனமான காலுறை போட்டுக்கொள்ளுங்கள், மரத்தரை ஐஸ் மாதிரி இருக்கும். உள்ளே போனதும் இரண்டு மாடி உயர சாக்கியமுனி புத்தர், அவருக்கு இருபுறமும் மஞ்சுஸ்ரீயும் மைத்ரேயரும். நடுவில் துறவிகள் உட்காரும் நீண்ட வரிசை மேடைகள். பார்வையாளர்கள் சுவரோரம் தரையில் உட்கார வேண்டும், மேடைகள் மேல் உட்காரக்கூடாது. கால் நீட்டினால் பாதம் புத்தரையோ துறவிகளையோ பார்க்கும், அதனால் சம்மணம். உள்ளே படம் எடுக்கக்கூடாது. போனை அணைத்துப் பையில் போட்டுவிடுங்கள். பாதியில் எழுந்து போக வேண்டியிருக்கும் என்று நினைத்தால் வாசல் பக்கம் உட்காருங்கள்.

அந்த ஒரு மணி நேரத்தில் என்ன எதிர்பார்க்கலாம்? நிகழ்ச்சி மாதிரி எதுவும் இருக்காது. நீளமான ஏட்டுத் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, அடித்தொண்டையில் ஒரே சுருதியில் ஓதிக்கொண்டே போவார்கள். இடையிடையே பெரிய முரசு, கைத்தாளம், தரையில் ஊன்றி ஊதும் நீண்ட கொம்பு. நடுவில் கெட்டிலோடு ஒருவர் வந்து துறவிகளுக்குத் தேநீர் ஊற்றுவார், ஓதுதல் சற்று நிற்கும். சின்னப் பையன்கள் கொட்டாவி விடுவார்கள், ஒருவரை ஒருவர் சீண்டுவார்கள், மூத்தவர் ஒரு பார்வை பார்த்ததும் குனிந்துகொள்வார்கள். அர்த்தம் புரியவில்லையே என்று தவிக்காதீர்கள். பார்வையாளர்களுக்காக ஒரு வரிகூட அங்கே சொல்லப்படுவதில்லை. நாம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் நடக்கும் வேலை அது. முதல் நாள் மாலையில் கால் மரத்து, குளிரில் நடுங்கி, எப்போது முடியும் என்றிருக்கும். மறுநாள் காலையில் அதே ஒலிக்குள் உட்காரும்போது மனம் அடங்கிப்போவதை உணர்வீர்கள். இரண்டு இரவு என்று நான் அடம்பிடிப்பது இதனால்தான். வரும்போது உண்டியலில் உங்களால் முடிந்ததைப் போடுங்கள். மடாலயத்தின் செலவு பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது.

நடு நாளில் பாங்போச்சே போய் வாருங்கள். போக இரண்டு மணி நேரம், உயரம் 3,900 மீட்டர் சொச்சம். தெபோச்சே காட்டையும் இம்ஜா ஆற்றின் பாலத்தையும் கடந்து, மேல் ஊரில் இருக்கும் பழைய கோயிலுக்கு ஏறுங்கள். சுற்றிலும் வயதான ஜூனிபர் மரங்கள் நிற்கும். லாமா சங்வா தோர்ஜே தன் முடியை வெட்டி வீசியபோது முளைத்தவை என்பது ஐதீகம், அதனால் யாரும் வெட்டுவதில்லை. சாவி வைத்திருப்பவரைத் தேடிக் கூப்பிட வேண்டியிருக்கும். இருட்டும் பழமையும் உள்ள சின்னக் கோயில். பெரிய மடாலயத்தைவிட இது மனதைத் தொட்டது என்று சொல்பவர்கள் உண்டு, நானும் அந்தக் கட்சிதான்.

இந்த மடாலயத்தில் நடக்கும் மணி ரிம்து திருவிழாவுக்குப் போகலாமா என்றால், தாராளமாக. திபெத்திய நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில், நம் கணக்கில் அக்டோபர் அல்லது நவம்பர் பௌர்ணமியை ஒட்டி வரும். பத்தொன்பது நாள் சடங்கில் கடைசிப் பகுதியின் மூன்று நாட்கள்தான் பொதுமக்களுக்கு. முதல் நாள் ஆசீர்வாதம், அன்று தலைமை லாமா மந்திரித்த சிறு உருண்டைகளைப் பிரசாதமாகத் தருவார். இரண்டாம் நாள் முகமூடி நடனம், மூன்றாம் நாள் அக்னிச் சடங்கு. வண்ண மணலில் நாள்கணக்கில் வரைந்த மண்டலத்தைக் கடைசியில் கலைத்துவிடுவார்கள். கும்புவின் பல ஊர்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருவார்கள். அறை கிடைப்பது கடினம், மாதக்கணக்கில் முன்பே சொல்லி வைக்க வேண்டும். பூஜையின் அமைதிதான் வேண்டும் என்றால் திருவிழா வாரத்தைத் தவிர்த்துவிட்டு நவம்பர் நடுவிலோ ஏப்ரலிலோ போங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை, அட்டை, விமான ரத்து, மூடிய மலை. வேண்டாம்.

சாப்பாட்டில் ஒரே யோசனை: மேலே இறைச்சி வேண்டாம். பூங்காவுக்குள் எதையும் அறுப்பதில்லை, இறைச்சி கீழிருந்து நாள்கணக்கில் முதுகில் ஏறி வருகிறது. தால் பாத் சாப்பிடுங்கள், கேட்டால் சோறும் பருப்பும் மறுபடி வைப்பார்கள். உருளைக்கிழங்கைத் துருவிச் சுடும் ரிகி குர், காய்கறி போட்ட ஷெர்பா ஸ்டூ இரண்டும் நன்றாக இருக்கும். அறை வாடகை குறைவு, ஆனால் தங்கும் லாட்ஜிலேயே சாப்பிட வேண்டும் என்பது எழுதப்படாத விதி. வெந்நீர், சார்ஜ், வைஃபை எல்லாவற்றுக்கும் தனிக் காசு. நாம்சேயில் ஏடிஎம் இருக்கிறது, அதற்கு மேல் ரொக்கம்தான்.

இனி உயர நோய். தெங்போச்சேயில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. லேசான தலைவலி பலருக்கு வரும். தலைவலியோடு வாந்தி, மயக்கம், பசியின்மை சேர்ந்தால் அதே உயரத்தில் நில்லுங்கள், மேலே போகாதீர்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ, ஒரு கோட்டில் குதிகாலையும் விரலையும் ஒட்டி வைத்து நேராக நடக்க முடியாமல் தள்ளாடினாலோ அது நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்துக்கொள்வதன் அறிகுறி. விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கீழே இறக்க வேண்டும். உயரத்தைக் குறைப்பதைவிடப் பெரிய மருந்து கிடையாது. முன்தடுப்பாக அசிட்டசோலமைடு 125 மில்லிகிராம் தினம் இருவேளை என்பது வழக்கமான அளவு, ஆனால் சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களும் வேறு மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் எண்ணைப் பார்த்துப் பீதியடையாதீர்கள். அந்தக் குளிரில் அது தவறாகவும் காட்டும், உடம்பின் அறிகுறிகளைத்தான் நம்ப வேண்டும்.

காகிதங்களும் விமானமும் சுருக்கமாக. இந்தியக் குடிமக்களுக்கு நேபாளத்துக்கு விசா தேவையில்லை. விமானத்தில் போனால் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை வேண்டும், 15 முதல் 65 வயதுக்குள் இருப்பவர்களுக்கு ஆதார் செல்லாது. பூங்கா நுழைவுக் கட்டணத்தில் இந்தியா, இலங்கை உள்ளிட்ட சார்க் நாட்டினருக்குச் சலுகை உண்டு, அதனால் அடையாளச் சான்றைக் கையில் வைத்திருங்கள். உள்ளூர் ஊராட்சிக் கட்டணம் ஒன்றும் தனியாக இருக்கிறது. 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என்பது நிலையான மாற்று விகிதம். லுக்லா ஓடுதளம் 527 மீட்டர்தான், அதுவும் சரிவானது. காற்றும் மேகமும் வந்துவிட்டால் விமானம் கிடையாது, அதனால் காலைப் பயணம்தான் நம்பகம். கூட்டம் அதிகமுள்ள மாதங்களில் பெரும்பாலான விமானங்கள் காத்மாண்டுவுக்குப் பதிலாக ராமேசாப்பின் மந்தலியிலிருந்து கிளம்புகின்றன, அங்கே போக நடு இரவில் நான்கைந்து மணி நேரச் சாலைப் பயணம். சாமான் 15 கிலோவுக்குள். நடைக்கு ஏழு நாள், அதற்கு மேல் விமானத் தாமதத்துக்கு இரண்டு நாள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் சர்வதேச விமானத்தை லுக்லாவிலிருந்து வரும் அதே நாளில் போடவே போடாதீர்கள்.

கடைசியாக அம்மா. வயது தடையில்லை. அறுபதைத் தாண்டியவர்கள் இளைஞர்களைவிட நன்றாக ஏறுவதுண்டு, காரணம் அவர்கள் மெதுவாகப் போகிறார்கள். பார்க்க வேண்டியது இதயம், இரத்த அழுத்தம், சர்க்கரை, முழங்கால். முதல் மூன்றுக்கும் கிளம்பும் முன் மருத்துவரிடம் உயரத்தைக் குறிப்பிட்டுச் சொல்லிக் கேளுங்கள். முழங்காலுக்கு இப்போதே படி ஏறி இறங்கப் பழகட்டும், ஏற்றத்தைவிட புங்கி தெங்கா இறக்கம்தான் அவரைச் சோதிக்கும். இரண்டு ஊன்றுகோல் கட்டாயம். உள்ளூர் கைடு ஒருவரும், உங்கள் இருவர் பைக்கும் சேர்த்து ஒரு போர்ட்டரும் வையுங்கள், அவர் முதுகில் அளவாக ஏற்றுங்கள். ஹெலிகாப்டர் மீட்பைச் சேர்த்த காப்பீடு எடுங்கள், குறைந்தது 4,000 மீட்டர் உயரத்தை அது ஏற்க வேண்டும். முதல் நாள் பாக்திங், இரண்டாம் நாள் மோஞ்சோ, மூன்றாம் நாள் நாம்சே என்று பிரித்துக்கொண்டால் அம்மாவுக்கு எந்த நாளும் பாரமாக இருக்காது. மொத்தத்தில் ஒரு நாள்தான் கூடும். நாம்சேக்கு மேல் அவருக்கு முடியவில்லை என்று தோன்றினால் வாடகைக்குக் குதிரை கிடைக்கும். ஆனால் குதிரை கால்வலியைத்தான் தீர்க்கும், உயர நோயைத் தீர்க்காது. நாம்சேயில் இரண்டாம் இரவும் தலைவலி போகவில்லை என்றால் குதிரை ஏற்றி மேலே அனுப்பாமல், அங்கேயே இன்னும் ஒரு நாள் உட்காரவையுங்கள்.